கொட்டை எழுத்தில் ஆழம், பொடி எழுத்தில் நிபந்தனை

விடுமுறைக்குக் கடலுக்குப் போகிறவர்களிடம் நீர்ப்புகா கேமராக்களையும் அவற்றுக்கான உறைகளையும் விற்கும் நிறுவனங்களுக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்க வேண்டாமா? பெட்டியின் முகப்பில் பவளப்பாறையும் வண்ண மீன்களுமாக ஒரு படம். அதன் நடுவே இத்தனை மீட்டர் ஆழம் வரை கவலையில்லை என்று கொட்டை எழுத்தில் ஓர் உறுதிமொழி. அந்த ஆழம் எப்படிப்பட்ட தண்ணீரில், எவ்வளவு நேரத்துக்கு, எந்த நிபந்தனையில் பொருந்தும் என்ற விவரமோ, உள்ளே எட்டாக மடித்துச் செருகிய தாளில், கண்ணை இடுக்கினாலும் தெரியாத பொடி எழுத்தில் கிடக்கிறது.

ஒரு கருவி எந்த அளவுக்கு நீரைத் தாங்கும் என்பதைக் காட்டும் ஐபிஎக்ஸ்7 என்ற குறியீட்டையே எடுத்துக்கொள்வோம். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.ஈ.சி. 60529 தரநிலையின்படி, அசையாமல் நிற்கும் நன்னீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடங்கள் கிடந்தாலும் பழுதாகாது என்பதே அதன் பொருள். ஐபிஎக்ஸ்8 அதைவிடக் கடுமையானதுதான். ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளரே தீர்மானித்துக்கொள்ளலாம். இந்தச் சோதனைகளில் உப்பு இல்லை, அலை இல்லை, படகிலிருந்து கேமராவோடு குதிக்கும் மனிதரும் இல்லை. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. பீய்ச்சி அடிக்கும் நீரைத் தாங்குவதற்கான சோதனை வேறு. மூழ்கும் சோதனையில் தேறிய கருவி அதிலும் தேறியிருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. கடலில் நனைந்த கருவியை நன்னீரில் கழுவச் சொல்லும் கையேடுகளில் எத்தனை, குழாயை வேகமாகத் திறந்துவிடாதீர்கள் என்று முகப்பிலேயே எச்சரிக்கின்றன?

தண்ணீர் உள்ளே போய்விட்டால் பழி முழுவதும் வாங்கியவர் தலையில்தான் விழும். என் கேமராவைப் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில், அதைச் சரியாகத் திறந்துகூடப் பார்க்காமல், "ரப்பர் வளையத்தில் மணல் இருந்திருக்கும், நீர்ச் சேதத்துக்கு வாரண்டி கிடையாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். நீருக்குள் பயன்படுத்துவதற்கென்றே விற்ற பொருளுக்கு நீர்ச் சேதம் வாரண்டியில் சேராது என்றால், அந்த வாரண்டி வேறு எதற்குத்தான்?

அந்த ரப்பர் வளையத்தின் கதை தனி. உறையின் கதவு விளிம்பில் இருக்கும் அந்த ஓ-ரிங்கில் ஒரு தலைமுடியோ ஒரு மணல் துகளோ சிக்கினால் போதும், எத்தனை மீட்டர் உறுதிமொழியும் காற்றில் போய்விடும். அதற்குப் பூசும் கிரீஸை மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவ வேண்டும். அள்ளிப் பூசினால் அதுவே தூசியை இழுத்துவைத்துக்கொள்ளும். பொருந்தாத கிரீஸைத் தடவினால் வளையம் ஊதிப்போகவும் கூடும். முதல் முறை இறங்கும் முன், உறைக்குள் கேமராவை வைக்காமல் மெல்லிய காகிதத்தை மட்டும் வைத்து மூழ்கடித்து, அது நனைகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவர்கள் அனுபவப்பட்ட முக்குளிப்பாளர்களே தவிர, விற்றவர்கள் அல்லர்.

செல்பேசியை உள்ளே போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பைகளைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் ஆழம் போனதுமே நீரழுத்தம் பையைத் திரையோடு ஒட்ட வைத்துவிடுகிறது, தொடுதிரை விரலுக்கு அடங்க மறுக்கிறது. மீன் போன பிறகு நம் கட்டைவிரல்தான் படத்தில் இருக்கிறது.

நல்ல உறையே வாங்கினாலும், ஈரக் காற்று வீசும் கரையில் நின்று அதை மூடினால், குளிர்ந்த நீருக்குள் போனதும் உள்ளே அடைபட்ட ஈரப்பதம் கண்ணாடியில் பனியாகப் படிந்துவிடும். உலர்ந்த அறையில் மூடி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். செருப்புப் பெட்டியில்கூட வந்துவிடும் அந்தப் பொட்டலத்தை, உறையோடு இரண்டு சேர்த்துக் கொடுக்க இவர்களுக்கு மனம் வருவதில்லை.

கேமரா நனைந்த பிறகு வரும் அறிவுரைகள் இன்னும் கொதிப்பேற்றுகின்றன. அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்லாதவர் ஒருவர் உண்டா? நீர் உலர்ந்தாலும் கடல் உப்பு மின்சுற்றிலேயே தங்கி உலோகத்தை அரிக்கும். அரிசி உப்பை எடுக்காது. உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். உப்புநீர் பட்ட லித்தியம் பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. பெரும் ஆபத்து என்பதால் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டிய செய்தி இது.

தீர்வே இல்லாத சிக்கல் என்றால் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். உறைக்குள் இருக்கும் காற்றைக் கைப்பம்பால் உறிஞ்சி எடுத்து, அழுத்தம் மாறாமல் நிற்கிறதா என்பதை ஒரு சிறு விளக்கின் நிறத்தால் காட்டும் அமைப்பு எப்போதோ வந்துவிட்டது. கேமரா நனைவதற்கு முன்பே, கரையில் நின்றபடியே கசிவைக் கண்டுபிடித்துவிடலாம். விலை கூடிய உறைகளில் அது இருக்கிறது. வேறு பலவற்றில், இணைக்க வழியிருந்தாலும், தனிக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். விடுமுறைப் பயணிகளுக்கென்று அடுக்கி வைத்திருக்கும் மலிவு உறைகளிலோ அதைப் பொருத்துவதற்கு ஒரு துளைகூடக் கிடையாது. ஆழக் கணக்கு மட்டும் அவற்றின் மேலும் அதே கொட்டை எழுத்தில்தான் இருக்கிறது.