பி.எஸ்சி. படித்தால் ரேடியாலஜிஸ்ட் ஆகலாமா?

பிளஸ் டூ முடித்து பி.எஸ்சி. ரேடியாலஜி படித்தால் ரேடியாலஜிஸ்ட் ஆகி, ஸ்கேன் அறிக்கையில் கையெழுத்திடலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அன்புடன் ஒரு திருத்தம். இந்தியாவில் ரேடியாலஜிஸ்ட் என்பவர் மருத்துவர்; எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் முதுநிலைத் தேர்வு எழுதி, பெரும்பாலும் 3 ஆண்டு எம்.டி. ரேடியோடயக்னோசிஸ் படித்தவர். பி.எஸ்சி. படித்தவர் டெக்னாலஜிஸ்ட். நோயாளியைச் சரியாகப் படுக்கவைத்து, கதிர்வீச்சு அளவைக் கவனித்துப் படம் எடுப்பவர் அவர்தான். பொறுப்பான, மதிப்பான பணி அது; ஆனால் நோயைக் கணித்து அறிக்கை தருவது அதில் சேராது.

கல்லூரியில் பணம் கட்டும் முன், வீட்டில் இருக்கும் ஏதாவதொரு சி.டி. ஸ்கேன் அறிக்கையின் அடியைப் பாருங்கள். கையெழுத்துக்குக் கீழே மருத்துவரின் பட்டமும் வழக்கமாகப் பதிவு எண்ணும் இருக்கும். அந்தப் பெயரை தேசிய மருத்துவ ஆணைய இணையதளத்தின் மருத்துவர் பதிவேட்டில் யாரும் தேடிப் பார்க்கலாம்.