ஒழுங்காகத்தானே அணைத்தேன்!

ஷட் டவுன் கொடுத்து, திரை இருளும்வரை காத்திருந்து, முறையாகத்தான் அணைக்கிறேன். மறுபடி போட்டால் விண்டோஸ் 98 என்ன சொல்கிறது? ஒழுங்காக அணைக்கவில்லையாம், டிஸ்கில் பிழை இருக்கலாமாம். உடனே நீலத்திரையில் டிஸ்கைச் சோதிக்கும் ஸ்கேன்டிஸ்க் நிரல், மஞ்சள் கோடு ஆமையாய் ஊரும். கடைசியில் பிழையே இல்லை என்று அதுவே சொல்லும். செய்யாத குற்றத்துக்குத் தினமும் விசாரணை!

பழைய ஹார்ட் டிஸ்க் கரகரவென்று கத்துகிறதே என்று அதற்குப் பதில் அடாப்டர் வைத்து, சத்தமே போடாத எஸ்எஸ்டி டிஸ்க்கை மாட்டியதிலிருந்து இந்தக் கூத்து. விண்டோஸ் 98 டிஸ்கில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான ஃபேட்32-இல் 'ஒழுங்காக அணைந்தது' என்று குறித்துவைக்க ஒரே ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1. அதை விண்டோஸ் கடைசி நொடியில்தான் எழுதும். டிஸ்க் அதைத் தன் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) வாங்கி வைத்துக்கொண்டு "எழுதியாச்சு" என்று கூசாமல் சொல்லும். அதை நம்பி கம்ப்யூட்டர் மின்சாரத்தை வெட்டிவிடும். பிட் போச்சு.

விண்டோஸ் தொடங்கும்போது படிக்கும் எம்எஸ்டாஸ்.சிஸ் கோப்பில், இந்தச் சோதனையைத் தானாக ஓட்டும் ஆட்டோஸ்கேன் அமைப்பை 0 ஆக்கினால் தொல்லை தீரும் என்கிறார்கள். தீரும்தான். நிஜமாகவே பிழை வந்தால் யார் சொல்வது? அணைக்கும்போது விண்டோஸைச் சற்றுத் தாமதிக்கவைக்கும் மென்பொருள் திருத்தம் அந்தக் காலத்திலேயே வந்தது. அதைப் போடுவதுதான் முறை. அதையும் போட்டேன். இப்போது தினமும் வருவதில்லை, எப்போதாவதுதான். அதுதான் இன்னும் எரிச்சல்! இன்றைக்கு வருமா வராதா என்று திரையையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.