ஜெராக்ஸ் மாயாவி

போன மாதம் ஒரு பழைய முத்து காமிக்ஸ் வாங்கினேன், இரும்புக்கை மாயாவி கதை. விலையை எழுதமாட்டேன், என் மனைவியும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள். இரண்டு மாத மளிகைக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். "முதல் பதிப்பு, அட்டை துளியும் கிழியவில்லை" என்று விற்றவர் படம் அனுப்பியிருந்தார். அட்டை கிழியவில்லைதான். பிரித்தால் நடுவில் எட்டுப் பக்கம் ஜெராக்ஸ். துருப்பிடித்திருக்க வேண்டிய ஸ்டேப்ளர் பின் புதிதாகப் பளபளத்தது. தொலைபேசியில் கேட்டேன். "ஐயா, இந்த இதழ் இருப்பதே பெரிய விஷயம். எட்டுப் பக்கத்தைப் போய்க் கணக்குப் பார்ப்பீர்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கோபம் அவர்மேல் மட்டும் இருந்திருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. அந்தக் கதையின் மறுபதிப்பு, ஒரு பக்கமும் குறையாமல், என் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிறது. பிறகு எதற்காக இதை வாங்கினேன்? ஒரு வாரமாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்குக் காமிக்ஸைக் கொண்டுவந்தவன் அண்ணன். பக்கத்துச் சிவகாசியில் அச்சானவை அவை. ஆனால் எங்கள் கைக்கு வரும்போது பெரும்பாலும் நான்கைந்து பேர் படித்து முடித்திருப்பார்கள். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். லூயிஸ் கிராண்டேல் என்ற ஆய்வக உதவியாளர். வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், அந்தக் கை மட்டும் காற்றில் மிதக்கும். 1962இல் இங்கிலாந்தின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்தவர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது நாற்பது வயதுக்கு மேல். பத்து வயதில் தெரிந்தது ஒன்றே ஒன்று: சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை விரல் விரலாகச் சுற்றிக்கொண்டு பிளக் பாயின்ட் முன்னால் நின்றால், மறைவதற்கு முன்பே அம்மா வந்துவிடுவாள்.

1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. பின்னாளில் தெருவில் சண்டையும் வந்தது. ராணி காமிக்ஸ்காரர்கள் முகமூடி போட்ட வேதாளரை (ஆங்கிலத்தில் ஃபேண்டம்) 'மாயாவி' என்று அழைத்தார்கள். எங்களுக்கோ மாயாவி என்றால் இரும்புக்கைதான். காட்டில் குதிரையில் போகிற ஆளுக்கு எதற்கு எங்கள் ஆளின் பெயர் என்று எதிர்வீட்டுப் பையனோடு மூன்று நாள் பேசாமல் இருந்தேன். இன்றைக்கும் எனக்கு அதில் சமாதானம் கிடையாது.

அந்த இதழ்கள் எங்கே போயின? 1989இல் வீடு மாறினோம். பரண் காலியாக வேண்டும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிறவர் தள்ளுவண்டியோடு வாசலில் நின்றார். எடைக்குப் போட்டாயிற்று. இரும்புக்கையைப் போட்டுப் பேரீச்சம்பழம் தின்ற குடும்பம் எங்களுடையது. அம்மாவை இன்றுவரை இதைச் சொல்லிக் கேலி செய்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அம்மா மாதிரி ஊர் ஊராக ஆயிரம் பேர் எடைக்குப் போட்டதால்தானே மிச்சமிருக்கும் பத்து இதழுக்கு இந்த விலை?

அமெரிக்காவிலும் இதே கதைதான், அளவுதான் பெரிது. சூப்பர்மேன் முதன்முதலாக வந்த 1938ஆம் ஆண்டின் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழ் பத்து சென்ட்டுக்கு விற்றது. சுமார் இரண்டு லட்சம் பிரதிகள் அச்சடித்தார்கள். இன்று மிஞ்சியிருப்பவை நூறு அளவில் என்கிறார்கள். பையன்கள் கிழித்தது போக, இரண்டாம் உலகப்போரின்போது பழைய காகிதம் திரட்டியதிலும் ஏராளமான காமிக்ஸ்கள் போயின. தப்பிய பிரதிகளில் ஒன்று 2024இல் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

இதைப் பார்த்தவர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள், தப்பான பாடம். "அப்போதே பத்திரப்படுத்தியிருந்தால் கோடீஸ்வரன் ஆகியிருக்கலாம். இனி வருவதையாவது விடக்கூடாது." தொண்ணூறுகளில் அங்கே அடித்த பைத்தியம் அது. 1991இல் எக்ஸ்-மென் புது வரிசையின் முதல் இதழை ஐந்து விதமான அட்டைகளில் போட்டார்கள். உள்ளே ஒரே கதை. எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போயின. அடுத்த ஆண்டு சூப்பர்மேனைச் சாகடித்தார்கள். கறுப்புப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கையில் கட்டிக்கொள்ளத் துக்கப் பட்டையும் வைத்து விற்றார்கள். பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று பிரிக்காமலே வைத்தவர்கள் ஏராளம். எழவு வீட்டுக்குப் போய்விட்டு முகத்தைப் பார்க்காமல் திரும்புவது போல. மறு ஆண்டே சூப்பர்மேன் உயிரோடு வந்துவிட்டார் என்பது வேறு கதை. எல்லோரும் பத்திரப்படுத்திய பொருளை யார் வாங்குவார்கள்? சந்தை சரிந்தது, கடைகள் மூடப்பட்டன, 1996 டிசம்பரில் எக்ஸ்-மென்னை வெளியிட்ட மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. அந்த இதழ்கள் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன.

இந்த இடத்தில் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜெர்ரி சீகல். 1938இல் அவரும் ஓவியர் ஜோ ஷூஸ்டரும் 130 டாலருக்கு அந்தப் பாத்திரத்தின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு எத்தனையோ வழக்குகள். அறுபதுகளில் வேலை தேடிப் பிரிட்டிஷ் இதழ்களுக்கு எழுதினார் சீகல். அங்கே அவர் எழுதிய தொடர் எது தெரியுமா? ஸ்பைடர். கூரான காதும் வலைத் துப்பாக்கியுமாக, உலகத்தையே மிரட்டிவிட்டுப் பிறகு நல்லவனாக மாறினானே, நம் லயன் காமிக்ஸ் ஸ்பைடர், அவனேதான். நாம் படித்த ஸ்பைடர் கதைகளில் பல அவருடையவை. அந்த வார இதழ்களில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் கிடையாது, அதனால் நமக்கும் தெரியவில்லை. 2012இல் அந்த 130 டாலர் அடங்கிய பழைய காசோலைத் தாள் ஏலத்துக்கு வந்தது. ஒரு லட்சத்து அறுபதாயிரம் டாலருக்குப் போனது. சீகல் 1996இலேயே இறந்துவிட்டார்.

பழம்பொருள் சந்தையின் யோக்கியதை எனக்கு இந்த ஒரு காசோலையில் தெரிந்துவிட்டது.

இப்போது காமிக்ஸ்களுக்கு மதிப்பெண் போடுகிற நிறுவனங்களும் இருக்கின்றன. பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பிட்டுக் கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து அனுப்புவார்கள். பெட்டியைத் திறந்தால் அந்த மதிப்பெண் செல்லாது. அதாவது படிக்கக்கூடாது. பொம்மைகளும் இப்படித்தான். சென்னையின் ஃபன்ஸ்கூல் நிறுவனம் இந்தியாவில் செய்து விற்ற ஜி.ஐ.ஜோ படைவீரர் பொம்மைகளை அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள், அங்கே வராத விசித்திரமான வண்ணக் கலவைகள் இவற்றில் வந்ததால். அட்டையோடு, பிரிக்காமல் இருக்க வேண்டுமாம். எங்கள் தெருவில் பிரிக்காத ஜி.ஐ.ஜோவை வைத்திருந்த பையன் ஒருவனையாவது நான் பார்த்ததில்லை. பாதிப் பொம்மைகளுக்குக் கையே இருக்காது.

நம் ஆட்களுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குக் கசக்கும். பழைய இதழ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கும் நண்பர்கள், புதிய இதழுக்குச் சந்தா கட்டச் சொன்னால் "அந்தக் காலத்து ருசி இல்லை" என்று நழுவுகிறார்கள். ருசி எப்படி இருக்கும்? பத்து வயதுப் பசி இல்லையே. பழைய கதைகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். வில்லனின் திட்டம் ஓட்டை, தற்செயல் மேல் தற்செயல். பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளைக் கோடுகள் மட்டும் இன்றும் மலைக்க வைக்கின்றன. நீங்கள் பழைய இதழுக்குக் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் ஒரு ரூபாய்கூட அதை வெளியிட்டவருக்கோ மொழிபெயர்த்தவருக்கோ போகாது. இடையில் தடுமாறிய லயன், 2012 சென்னைப் புத்தகக் காட்சியில் மீண்டு வந்தது சந்தாதாரர்களால். பரண்களால் அல்ல.

ஏன் வாங்கினேன் என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த இதழில் அண்ணனின் பெயர் இருக்கும் என்று எங்கோ ஓரத்தில் நினைத்திருக்கிறேன். அவன் எல்லா இதழிலும் முதல் பக்கத்தில் நீல மையில் பெயர் எழுதி, கீழே 'திருப்பித் தராவிட்டால் மாயாவி வருவார்' என்று எழுதிவைப்பான். எடைக்குப் போன கட்டு எப்படியெல்லாமோ சுற்றி இவரிடம் வந்திருக்காதா என்று ஒரு அசட்டு நம்பிக்கை. முதல் பக்கத்தில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. அதை அழிரப்பரால் தேய்த்திருந்தார்கள், விலை குறையுமே என்று.

மகள் நேற்று முறுக்குத் தின்றுகொண்டே மறுபதிப்பை எடுத்து விரித்தாள். எண்ணெய்க் கை. 'கையைக் கழுவு' என்று வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன். பத்துப் பக்கம் போனதும் நிமிர்ந்து கேட்டாள்: "அப்பா, மின்சாரம் பாய்ந்தது அவர் உடம்பில்தானே? சட்டை எப்படி மறைந்தது?"

நாற்பது வருடமாக எனக்கு இது தோன்றவேயில்லை. அண்ணனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். அவனுக்கும் தோன்றவில்லையாம்.