ரெண்டு வரி கால்குலேட்டர்

சனிக்கிழமை வகுப்பில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். தட்டிய எழுத்தை அப்படியே நிரலாக ஓட்டுகிற இவால் (eval) என்ற பைத்தான் கட்டளையை வைத்து, ரெண்டே வரியில் கால்குலேட்டர் என்று ஸ்லைடில் காட்டினார்கள். அது ஆபத்து என்று சொன்னேன். "பசங்களைப் பயமுறுத்தாதீங்க சார்" என்று வகுப்பு எடுத்தவர்கள் மைக்கில் சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். சரி. ஆனால் நான் சொன்னதில் தப்பு இல்லை. திரும்பவும் சொல்கிறேன்: யாரோ தட்டும் எழுத்தை இவாலுக்குள் போடாதீர்கள்.

பைத்தானில் நாம் தட்டுவதை வாங்கித் தருகிற கட்டளை இன்புட். அது எதை வாங்கினாலும் எழுத்தாகத்தான் தரும். 5, 3 என்று வாங்கிக் கூட்டினால் 53 வரும், புதிதாகப் படிக்கிற பிள்ளை முழிக்கும். இன்ட் என்ற கட்டளையைப் போட்டு எண்ணாக மாற்றச் சொல்லித்தர ஒரு நிமிடம் போதும். அதற்குப் பதில் இவால் போட்டால் 5+3 என்று அடித்ததும் 8 வரும், கைதட்டலும் வரும். ஆனால் இவால் கணக்கு மட்டும் போடுகிற கருவி இல்லை. வந்த எழுத்தைப் பைத்தான் நிரலாகவே ஓட்டுகிறது. அங்கே ஃபைலை அழிக்கிற ஒரு வரி இருந்தால் அதையும் ஓட்டும். பைத்தான் 2இல் இன்புட்டே இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2008இல் பைத்தான் 3 வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததை நாம் வகுப்பில் திரும்ப ஒட்டிக்கொடுக்கிறோம்.

என் முதல் வேலை சம்பளக் கணக்கு மென்பொருளில். வாடகைப் படிக்கான ஃபார்முலாவை ஆபீஸ்காரர்களே திரையில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே இவால் போட்டது நான்தான். டெஸ்டிங்கில் இருந்த அக்கா ஒருநாள் அந்தக் கட்டத்தில் வேறு எதையோ தட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். தொகை வர வேண்டிய இடத்தில் சர்வரில் இருந்த ஃபைல் பெயர்கள் வரிசையாக நின்றன. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் இருந்த ஃபைலும் அதில் ஒன்று. அக்கா திட்டவில்லை. "இதை வேற யாராவது அடிச்சிருந்தா என்னப்பா பண்ணுவ?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

"பில்ட்-இன்களை, அதாவது பைத்தானோடு கூடவே வரும் கட்டளைகளை, இவாலுக்குக் கிடைக்காமல் காலி செய்துவிட்டுக் கொடுத்தால் போதுமே" என்பீர்கள். போதாது. ஒரு வெற்று டப்பிளை, அதாவது காலி அடைப்புக்குறியை, பிடித்து அதன் கிளாஸ் (அது எந்த வகை என்பது), அதற்கு மேலே எல்லா வகைக்கும் தாயான ஆப்ஜெக்ட், அங்கிருந்து மெமரியில் இருக்கும் மற்ற கிளாஸ்கள் என்று போய்க்கொண்டே இருக்கலாம். தடுத்த வேலையைச் செய்ய அங்கே வழி கிடைத்துவிடும். "அவன் லேப்டாப்பில் அவனே ஓட்டுகிறான், உங்களுக்கு என்ன?" அவன் நாளைக்கு இதே கையோடுதான் வெப்சைட் எழுதப் போகிறான், அதுதான் எனக்கு. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நிரல் தொகுப்பில் இருந்த ஓட்டை என்ன பாடு படுத்தியது? லாக் எழுதுவது, அதாவது நடப்பதைக் குறித்துவைப்பது, மட்டும்தான் அதன் வேலை. வந்த எழுத்துக்குள் இருந்ததற்குப் பொருள் பார்க்கப் போய், வெளி சர்வரிலிருந்து நிரலை இறக்கி ஓட்ட வழிவிட்டது. அந்த ஓட்டையின் தீவிரத்துக்கு 10க்கு 10 போட்டார்கள்.

இவால் நல்லதுதானே என்று லிஸ்ப் என்ற பழைய கணினி மொழியைக் காட்டுகிறவர்களுக்கு: அந்த மொழியை உருவாக்கிய மெக்கார்த்தி தாளில் எழுதிய இவாலை ஸ்டீவ் ரஸ்ஸல் ஐபிஎம் 704 என்ற கணினியில் ஓடவைத்தது எனக்கு இன்றும் அதிசயம்தான். இவால் மேல் எனக்கு என்ன கோபம்? யாரோ தட்டுவதை அதற்குள் போடுவதுதான் பிரச்சினை.

பத்து நிமிடம் கொடுங்கள், எண்களையும் கணக்குக் குறிகள் நாலையும் மட்டும் ஏற்கிற சின்னப் பார்சர், அதாவது தட்டியதைப் பிரித்துப் படிக்கிற நிரல், ஒன்றை எழுதிக் காட்டுகிறேன் என்று வகுப்பில் கேட்டேன். நேரமில்லை என்றார்கள். சிரிப்பதற்கு மட்டும் நேரம் இருந்தது. இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்து, பிள்ளைகள் முன்னால் பயந்தாங்கொள்ளி பட்டம் வாங்கியதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த ஒரு ஸ்லைடையாவது மாற்றுங்கள் என்று அன்று சாயங்காலமே வகுப்பு எடுத்தவர்களுக்கு மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.