பேசி முடித்தது போதும்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் செம்பனைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி, வேலையை மேற்பார்க்கும் கங்காணியைச் சுட்டி, "மண்டோர் அசிங்கமாப் பேசுறாரு" என்று வாயைத் திறந்தால் என்ன நடக்கும்? கோயில் மண்டபத்தில் நாலு பெரிய மனுஷர்கள் கூடுவார்கள். "குடும்ப மானம் போயிரும்மா, பேசி முடிச்சிரலாம்" என்பார்கள். மண்டோர் தலையைக் குனிந்து ஒரு மன்னிப்பை முணுமுணுப்பார். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில், உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவளின் முதுகில், புகார் சொன்னதற்குப் பழியாக, மருந்து தெளிக்கும் பம்ப் ஏறும். இதை நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் பாலியல் தொல்லைக்கென்றே 2012 முதல் தனிப்பகுதி இருக்கிறது. புகார் வந்தால் முதலாளி விசாரிக்க வேண்டும். மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுதித் தரவேண்டும். கடமை தவறினால் 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். 2023 ஜனவரிக்கு முன்பு அது 10,000தான். தொல்லை பற்றிய அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டவேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான். ஒரு தோட்ட ஆபீசில் அதைப் பார்த்தேன். மலாயில் மட்டும், அதுவும் சம்பளத் தேதித் தாளுக்கு அடியில் பாதி மறைந்து கிடந்தது.

சரி, கான்ட்ராக்டர் ஆள் தொல்லை கொடுத்தால்? "அவன் எங்க ஆள் இல்லை" என்று நிர்வாகம் கையை விரிக்கும். அந்த இடத்தில் 2022-ஆம் ஆண்டு பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் கை கொடுக்கிறது. அதன் நடுவர் மன்றம் 2024 மார்ச் 8 முதல் இயங்குகிறது. யாருக்கு யார் முதலாளி என்ற கேள்வியே அங்கே தேவையில்லை. பொதுவாக வக்கீல் கிடையாது. விசாரணை மூடிய அறையில்தான் நடக்கும். மானம் மானம் என்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், 250,000 வெள்ளி வரை இழப்பீடு விதிக்கலாம். உத்தரவை மதிக்காதவர் சிறைக்கும் போகலாம்.

"தொடலையே, வெறும் பேச்சுதானே" என்று மண்டபத்தில் ஒரு குரல் கண்டிப்பாக வரும். 2016-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்த்த வழக்கே ஆபாசப் பேச்சைப் பற்றியதுதான். ஒரு மேலாளர் மேல் ஒரு பெண் வேலையிடத்தில் புகார் செய்தார். அதனால் தன் வேலை போயிற்று என்று அந்த மேலாளர்தான் முதலில் வழக்குப் போட்டார். அந்தப் பெண் எதிர்வழக்குப் போட்டு 120,000 வெள்ளி இழப்பீடு வென்றார். பாலியல் தொல்லைக்காக நேரடியாக இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடும் வழி நம் நாட்டில் திறந்தது அன்றுதான்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் பெயரை வெட்டுவதும் இதே கதைதான். கர்ப்பத்தால் வேலை இழந்த விமானப் பணிப்பெண்ணிடம், அரசமைப்பின் சம உரிமை தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தாது என்று 2005-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023 முதல் கர்ப்பிணியை நினைத்தபடி வேலை நீக்கம் செய்ய முடியாது. பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகாவே விசாரிக்கலாம்.

எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. புகார் செய்தவளைப் பழிவாங்கினால் என்ன தண்டனை என்று 2022 சட்டம் பேசவே இல்லை. அந்த மருந்துப் பம்புக்கு அதில் பதில் இல்லை. தொழிற்சங்கமும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதை விடாமல் கேட்க வேண்டும்.

அக்கா தங்கைகளே, புகாரை எழுதிக் கொடுங்கள். தேதி, இடம், கூட இருந்தவர், அவன் சொன்ன சொல், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அப்படியே எழுதுங்கள். நகலில் ஆபீஸ் சாப்பும் (முத்திரையும்) தேதியும் வாங்குங்கள். அந்த 30 நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும். அப்புறம் கோயில் தலைவர்மாரே, அடுத்த முறை ஒரு பெண் உங்களிடம் வந்தால் மண்டபத்தைத் திறக்காதீர்கள். காரை எடுங்கள், ஈப்போ தொழிலாளர் இலாகாவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.