“இதுல என்ன சார் எழுதியிருக்கு?”

போன வருஷம் ஒரு ஓபன் தடகள மீட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம். எங்கள் பள்ளியில் 800 மீட்டர் ஓடும் ஒரு பிள்ளையின் அம்மா, நடவு வேலை முடித்து நேராக மைதானத்துக்கே வந்திருந்தார். காலில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. பெற்றோர் கையெழுத்துக்காக நுழைவுப் படிவத்தை நீட்டினேன். இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலம், பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து. பேனாவை வாங்கியவர் கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்து பார்த்தார்.

“இதுல என்ன சார் எழுதியிருக்கு?”

“பிள்ளை ஓடுறதுக்குச் சம்மதம்னு எழுதியிருக்கும்மா” என்றேன். போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அந்தப் பொடி எழுத்தைப் படித்தேன். 20 வருஷமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எத்தனையோ படிவம் நிரப்பியிருக்கிறேன். ஒன்றை முழுசாகப் படித்தது அன்றைக்குத்தான். அமைப்பாளர் முடிவே இறுதியானது. எந்த மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டாலும் வர வேண்டும். எந்த நீதிமன்றத்துக்கும் போகக் கூடாது. இதில் ஒன்றைக்கூட நான் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்றிலிருந்து சாந்தி சௌந்தரராஜன் நினைப்பாகவே இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. செங்கல் சூளையில் வேலை பார்த்த பெற்றோரின் மகள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அன்றைக்கு எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஸ்வீட் கொடுத்தவன் நான். சில நாளில் எல்லாம் போய்விட்டது. ஓடி முடித்தவரை ஒரு பரிசோதனைக்கு அழைத்தார்கள். எதற்கென்று அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. பேசப்பட்ட மொழியும் அவருடையதல்ல. மருத்துவர்கள் உடலைப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ரகசியமாக இருக்க வேண்டிய மருத்துவ முடிவு டிவி செய்தியாக வந்து ஊருக்கே தெரிந்தது. ஊக்கமருந்து சாப்பிட்டவரையாவது விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்பார்கள். எந்தத் தப்பும் செய்யாத இந்தப் பெண்ணுக்கு விசாரணையே இல்லை.

நம் நாட்டு அதிகாரிகளும் மேல்முறையீடு செய்யவில்லை. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் பணத்தையும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கத்தான் அவர் செலவழித்தார். உயிரை விடும் எல்லை வரை போய்த் திரும்பியவர் அவர். 2012-ல் தினக்கூலிக்குச் செங்கல் சூளையில் நின்றதைப் பத்திரிகைகள் படத்தோடு போட்டன. பிறகு படித்துப் பயிற்சியாளர் ஆனார். பதக்கம் மட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

அவருக்காக அப்போது பேச வேண்டியவர் யார்? இந்தப் பதிவில் நான் கேட்பது இந்த ஒரு கேள்விதான்.

எட்டு வருஷம் கழித்து, 2014-ல், ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண் த்யுதி சந்துக்கு அதே கதி வந்தது. வயது 18. கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்களுக்கு அதிகம் சுரக்கும் ஹார்மோன்) அதிகம் என்று பெயரை எடுத்துவிட்டார்கள். மருந்தோ அறுவை சிகிச்சையோ செய்து அளவைக் குறைத்தால் ஓடலாம் என்பது அன்றைய விதி. த்யுதி மறுத்தார். அவருக்கு ஆட்கள் கிடைத்தார்கள். ஆய்வாளர் பயோஷ்ணி மித்ரா கூட நின்றார், கனடா வழக்கறிஞர்கள் பைசா வாங்காமல் வாதாடினார்கள், இந்திய விளையாட்டு ஆணையமும் துணைக்கு வந்தது. 2015 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அந்த விதியை இரண்டு வருஷம் நிறுத்தி வைத்தது. டெஸ்டோஸ்டிரோனால் எவ்வளவு சாதகம் கிடைக்கிறது என்பதை நிரூபித்துக் காட்டுங்கள் என்று சர்வதேசத் தடகளச் சம்மேளனத்திடம் கேட்டது. த்யுதி ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினார்.

சாந்திக்கும் த்யுதிக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்ததுதான். அந்த வக்கீல் வந்தது வெளியிலிருந்து. வீரர்களின் பிரதிநிதி என்று பதவியில் இருந்த எவரும் கொண்டுவந்து நிறுத்தவில்லை.

அப்படி யாரும் கிடைக்காதவர்களை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. வளரும் நாடுகளின் கிராமப்புறங்களிலிருந்து வந்த 18 முதல் 21 வயதுக்குள்ளான நான்கு வீராங்கனைகளுக்கு, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் உள்ளுறுப்புகளை எடுக்க பிரான்ஸில் அறுவை சிகிச்சை செய்ததை மருத்துவர்களே 2013-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த உறுப்புகளால் அவர்களுடைய ஆரோக்கியத்துக்கு ஆபத்தில்லை என்று அந்தக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. உகாண்டாவின் 800 மீட்டர் வீராங்கனை அன்னெட் நெகேசா, 2012 லண்டன் ஒலிம்பிக்குக்கு முன்னால் விலக்கப்பட்டு, அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடம்பு தேறவே இல்லை என்று 2019-ல் வெளியே வந்து சொன்னார். அந்தச் சிகிச்சையில் எங்களுக்குப் பங்கில்லை என்றது சம்மேளனம். படிவத்தில் கையெழுத்துப் போட்டபோது அந்தப் பெண்ணுக்கு யார் படித்துக் காட்டியிருப்பார்கள்?

தென்னாப்பிரிக்காவின் 800 மீட்டர் ஒலிம்பிக் சாம்பியன் கேஸ்டர் செமன்யா கதை எல்லோருக்கும் தெரியும். 2018-ல் வந்த புது டெஸ்டோஸ்டிரோன் விதி, 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களைக் குறிவைத்தது. அவர் லொசானுக்குப் போனார். விதி பாரபட்சமானதுதான், ஆனால் தேவையானது என்று 2019-ல் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு. சுவிஸ் உச்ச நீதிமன்றம் கைவிரித்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, சுவிஸ் நீதிமன்றம் அவர் வழக்கைப் போதுமான அளவு துருவி ஆராயவில்லை, நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று 2025 ஜூலை 10-ல் சொன்னது. அப்போது அவருக்கு 34 வயது. 800 மீட்டர் ஓடுகிறவருக்கு ஏழு வருஷம் என்றால் என்னவென்று டிராக்கில் நின்றவர்களுக்குத் தெரியும். அதுவும், விதி சரியா தவறா என்பதற்குள் அந்த நீதிமன்றம் போகவே இல்லை.

அத்தனை பேரும் ஏன் லொசானுக்கே போக வேண்டியிருக்கிறது? அந்தப் பொடி எழுத்தால்தான். ஜெர்மன் ஸ்பீட் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் வேகமாகச் சறுக்கும் போட்டி) வீராங்கனை கிளாடியா பெக்ஸ்டைன் 2009-ல் தடை செய்யப்பட்டார். அவர் வழக்கில் அதே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2018-ல் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: கையெழுத்துப் போடாவிட்டால் தொழிலே இல்லை என்ற நிலையில் போட்ட கையெழுத்தை முழுமனச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிழைப்பே விளையாட்டாக இருந்த ஒரு சாம்பியனுக்கே இந்த நிலை என்றால், நடவு வயலிலிருந்து வந்து பேனா வாங்கிய அம்மாவின் சம்மதத்தை என்னவென்று சொல்வது?

சரி, விதி எழுதும் மேஜையில் வீரர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். 1981-ல் ஜெர்மனியின் பாடன்-பாடனில் நடந்த ஒலிம்பிக் மாநாட்டில்தான் முதல்முறையாக வீரர்களைப் பேச விட்டார்கள். அதையொட்டி சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியில் வீரர்கள் ஆணையம் உருவானது. அங்கே அன்று வீரர்கள் சார்பாகப் பேசியவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் ஓட்ட வீரர் செபாஸ்டியன் கோ, இன்னொருவர் ஜெர்மன் வாள்வீச்சு வீரர் தாமஸ் பாக். பாக் 2013 முதல் 2025 வரை ஒலிம்பிக் கமிட்டியின் தலைவர். கோ 2015-லிருந்து அதே தடகளச் சம்மேளனத்தின் (இப்போதைய பெயர் உலகத் தடகளம்) தலைவர். செமன்யாவை நிறுத்திய விதி வந்தது அவர் தலைமையில்தான். பாக்குக்குப் பிறகு வந்த கிர்ஸ்டி கோவென்ட்ரியும் நீச்சல் சாம்பியன், வீரர்கள் ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர்.

இவர்கள் யாருடைய நேர்மையையும் நான் சந்தேகிக்கவில்லை. ஒரு காலத்தில் ஓடியவர் நாற்காலியில் உட்கார்ந்தாலே ஓடுகிறவர்களுக்குப் பிரதிநிதி வந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம், அதைத்தான் தவறு என்கிறேன். ஒலிம்பிக் கமிட்டிக்கு அதிகபட்சம் 115 உறுப்பினர். அதில் வீரர்களுக்கு 15 இடம். அந்த 15 பேரும் சேர்ந்த பிறகு, சாசனப்படி மற்ற உறுப்பினர்களைப் போலவே கமிட்டியின் நலனைக் காக்க வேண்டியவர்கள். ஒலிம்பிக் கிராமத்தில் நடக்கும் தேர்தலில் ஓட்டுப் போடலாம், அது நல்ல விஷயம். ஆனால் ஒலிம்பிக் கிராமம் வரை போனவர்களுக்குத்தான் அந்த ஓட்டு. சாந்தி ஒலிம்பிக்குக்குப் போனதே இல்லை.

பிரதிநிதி என்றால், பாதிக்கப்பட்டவர் ராத்திரி 11 மணிக்குப் போன் போட்டால் எடுக்க வேண்டும். வேலை செய்யாவிட்டால் மாற்ற முடிய வேண்டும். அவர் சம்பளமும் பதவியும் எதிர்த் தரப்பின் கையில் இருக்கக் கூடாது. இது நடக்காத காரியம் இல்லை. கால்பந்து வீரர்களுக்கு 1965-லிருந்து தனிச் சர்வதேசச் சங்கம் இருக்கிறது. ஃபிஃபாவில் ஒப்பந்தத் தகராறுகளை விசாரிக்கும் அறையில் வீரர் தரப்புக்கும் கிளப் தரப்புக்கும் சம எண்ணிக்கையில் ஆட்கள். அவர்களுக்குப் பின்னால் கிளப், சம்பளம், ஒப்பந்தம் என்று பிடித்துத் தொங்க ஒரு கயிறு இருந்தது. தடகளத்தில் ஓடுகிற பிள்ளைக்கு முதலாளியும் கிடையாது, சங்கமும் கிடையாது.

இங்கே என் மாணவிகளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நாலாவதா வர்றவளுக்கு நியாயம் வேணாமா சார்?” வேண்டும். நானே நாலாவது வந்து அழுத பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டி வந்தவன். பெண்கள் பிரிவுக்கு ஒரு எல்லை வேண்டும் என்று சொல்கிறவர்களை நான் வில்லனாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்த எல்லையை யார், எங்கே உட்கார்ந்து போடுகிறார்கள்? 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட, வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை கட்டாயம். கருத்துக் கேட்டோம் என்கிறார்கள். கருத்துக் கேட்பது வேறு, ஓட்டுக் கொடுப்பது வேறு. முதலாவது வருகிறவளும் நாலாவது வருகிறவளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் வக்கீல் இருந்து, பிறகு ஒரு விதி வந்தால், எனக்குப் பிடிக்காத விதியாக இருந்தாலும் என் பிள்ளைகளிடம் “ஏத்துக்கணும்மா” என்று சொல்வேன்.

குறைந்தபட்சம் மூன்று விஷயம் உடனே செய்யலாம். பரிசோதனைக்கு அழைக்கும்போதே, அந்தப் பிள்ளையின் தாய்மொழி பேசும், சம்மேளனத்தைச் சேராத ஒருவர் உடன் இருக்க வேண்டும். முடிவு அவர் கைக்கு மட்டும்தான் போக வேண்டும். மேல்முறையீட்டுச் செலவை விதி போட்டவர்களே ஏற்க வேண்டும். இந்த மூன்றும் இருந்திருந்தால் தோஹாவிலிருந்து சாந்தி வேறு மாதிரி திரும்பியிருப்பார்.

இந்த வருஷம் அதே மீட், அதே படிவம். இந்தத் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைத் தமிழில் எழுதினேன். நோட்டில் நாலு பக்கம் வந்தது. அந்த அம்மாவை உட்காரவைத்து வரி வரியாகப் படித்துக் காட்டினேன். நீதிமன்றத்துக்குப் போகக் கூடாது என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“அப்ப எம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்ட சார் போறது?”

அவர் கேட்டதை அப்படியே எழுதி, அதற்குப் பதிலாக ஒரு வரியாவது படிவத்தில் சேர்க்கச் சொல்லி அமைப்பாளர்களுக்குக் கடிதம் தயார் செய்திருக்கிறேன். தமிழ்ப் படிவத்தின் போட்டோவைக் கீழே போட்டிருக்கிறேன், எந்தப் பள்ளியும் எடுத்துக்கொள்ளலாம். மற்ற மாவட்ட உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது கையெழுத்துப் போட விரும்பினால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை தபாலில் போடுகிறேன்.