சிஆர்பி பணம் சும்மா கிடப்பதற்கு அல்ல

அமெரிக்காவில் 1985-இல் சட்டமாகி, சிஆர்பி எனச் சுருக்கமாக அழைக்கப்படும் நிலப் பாதுகாப்புத் திட்டத்தில், வயலைத் தரிசாகப் போட்டுவிட்டாலே உரிமையாளருக்கு ஆண்டுதோறும் பணம் வரும் என்று ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். பயிரிடாத நிலத்துக்கு ஆண்டு வாடகை தரப்படுவது உண்மைதான். குழப்பமும் அங்கிருந்தே கிளம்புகிறது போலும். ஆனால் 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர், அங்கீகரிக்கப்பட்ட புல்லையோ மரங்களையோ வளர்த்து, களை பரவாமல் பராமரித்து, பறவைகள் கூடுகட்டும் பருவத்தில் பொதுவாகப் புல்லை வெட்டாமலும் இருக்க வேண்டும். விதியை மீறி ஒப்பந்தம் ரத்தானால், அதுவரை வாங்கிய தொகையை வட்டியோடு திருப்பிச் செலுத்த நேரிடும். ஐயமுள்ளவர்கள் அந்நாட்டு வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமைத் தளத்தில், 'சிஆர்பி-1' ஒப்பந்தப் படிவத்தின் பின்னிணைப்பைத் திறந்து, பங்கேற்பாளரின் கடமைகளைச் சொல்லும் பகுதியை வாசித்துப் பார்க்கலாம்.